ஒளிஞ்சிருந்தவங்களை மறந்துட்ட படம்: 'அனதர் ஸ்டேக்அவுட்' ஏன் எடுபடாம போச்சு

1993 ஜூலை 23ல அமெரிக்காவுல ரிலீஸான 'அனதர் ஸ்டேக்அவுட்' ஒரு சுமாரான படம். திட்டித் தீர்க்குற அளவுக்கு மோசம் இல்ல, கட்டாயம் பாருங்கன்னு யார்கிட்டயும் சொல்ற அளவுக்கு நல்லாவும் இல்ல. முதல் பாகமான 'ஸ்டேக்அவுட்' 1987 ஆகஸ்ட்ல வந்து அமெரிக்காவுல மட்டும் ஆறரை கோடி டாலர் பக்கம் வசூல் பண்ணுச்சு, ரெண்டாம் பாகம் ரெண்டு கோடி டாலர் கிட்டயே மூச்சு வாங்கி நின்னுடுச்சு. இத்தனைக்கும் டைரக்டர் அதே ஜான் பேடம், எழுதினவர் அதே ஜிம் கௌஃப், போலீஸ்காரங்களா நடிச்சது அதே ரிச்சர்ட் ட்ரைஃபஸ், எமிலியோ எஸ்டவஸ். சியாட்டில் ஊரும் மாறல, மப்டியில உட்கார்ந்து எதிர்வீட்டை வேவு பாக்குற ஐடியாவும் மாறல. அப்புறம் எப்படி மூணுல ஒரு பங்குக்கு கீழ விழுந்துச்சு?

அந்த வருஷ கோடையில போட்டி அதிகம்னு சொல்வாங்க, உண்மைதான், ஜூன் மாசமே 'ஜுராசிக் பார்க்' வந்து தியேட்டரை எல்லாம் வளைச்சுப் போட்டுடுச்சு, ஆகஸ்ட் ஆரம்பத்துல 'தி ஃப்யூஜிடிவ்' வந்து மிச்சத்தையும் எடுத்துக்கிச்சு. அது வசூல் கணக்குக்கு பதில் சொல்லும், படம் ஏன் சுமாரா இருக்குங்கறதுக்கு பதில் சொல்லாது. என் பார்வையில காரணம் வேற. இந்தக் கதை நடக்குறதே ஒரு பெண் மாஃபியாகிட்ட இருந்து தப்பிச்சு ஒளிஞ்சிருக்கிறதாலதான், ஆனா படம் முழுக்க அவங்களைத் தேடுறவங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு. ஒளிஞ்சிருக்கிறவங்களுக்கு என்ன நடக்குதுன்னு எட்டிக்கூட பாக்கல.

முதல் பாகத்துல இருந்து ஆரம்பிக்கணும், ஏன்னா ரெண்டாம் பாகம் எதைத் தொலைச்சுதுன்னு அங்க போனாதான் தெரியும். கிரிஸ், பில்னு ரெண்டு சியாட்டில் போலீஸ். ஆரம்பத்துலயே மீன் ஃபாக்டரியில ஒருத்தனைத் துரத்திட்டுப் போய் கிரிஸ் மீனுக்குள்ளயே விழுந்து நாறிப்போய் வருவாரு. அப்புறம் ஸ்டிக்னு ஒரு கைதி ஜெயில்ல இருந்து தப்பிச்சிடறான், அவனோட பழைய காதலி மரியா வீட்டுக்கு வருவான்னு இவங்க ரெண்டு பேரும் எதிர்ல ஒரு பாழடைஞ்ச வீட்டுல ராத்திரி ஷிஃப்ட் போட்டு உட்காருவாங்க. பகல் ஷிஃப்ட்ல வேற ரெண்டு போலீஸ், அவங்களுக்கும் இவங்களுக்கும் ஒருத்தரை ஒருத்தர் மாட்டிவிடற விளையாட்டு. மரியா வீட்டு ஃபோன்ல ஒட்டுக்கேக்குற கருவி வைக்கறதுக்கு கிரிஸ் ஃபோன் ரிப்பேர்காரர் வேஷத்துல உள்ள போவாரு, போன இடத்துல மனசு விழுந்துடும். அவ்வளவுதான் கதை, பெரிய புதுமை ஒண்ணும் கிடையாது, ஆனா அதுக்கு 1988ல அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர்கள் சங்கத்தோட எட்கர் விருது கிடைச்சுது, திரைக்கதைக்காக. சும்மா கிடைக்கல. அந்தப் படத்துல காத்திருக்கிறதோட அலுப்பு அப்படியே இருக்கும். பொழுது போகாம சினிமா வசனத்தைச் சொல்லி எந்தப் படம்னு கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடுவாங்க, பில் 'ஜாஸ்' படத்து வசனம் ஒண்ணைச் சொல்வாரு, கிரிஸ் தெரியலம்பாரு. 'ஜாஸ்'ல நடிச்ச ட்ரைஃபஸே தெரியலன்னு சொல்றதுதான் அங்க சிரிப்பு.

அதைவிட முக்கியமான விஷயம், அந்தப் படத்துல வேவு பாக்கப்படற பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை இருந்துச்சு. மேடலின் ஸ்டோ நடிச்ச மரியா வேலைக்குப் போவாங்க, வருவாங்க, சமைப்பாங்க, கோவப்படுவாங்க, நம்பி ஏமாறுவாங்க. தன் வீட்டுக்குள்ள வந்து பழகின ஆள் போலீஸ்னு தெரிய வர்றப்ப அவங்களுக்கு வர்ற ஆத்திரம் நமக்கும் வரும், அந்த இடத்துல போலீஸ் பக்கம் நிக்கிறதா இவங்க பக்கம் நிக்கிறதான்னு நமக்கே தடுமாறும். பைனாகுலர் வழியா பார்க்க ஆரம்பிச்ச படம் அந்த வீட்டுக்குள்ள குடி போயிடுச்சு. அதாலதான் அது நின்னுச்சுன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

இப்ப ரெண்டாம் பாகத்துக்கு வருவோம். லூ டெலானோன்னு ஒரு பெண், லாஸ் வேகாஸ் மாஃபியாவுக்கு எதிரா சாட்சி சொல்லப் போறவங்க. நடிச்சது கேத்தி மொரியார்ட்டி, 'ரேஜிங் புல்' படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன் வாங்கினவங்க, கனமான பாத்திரத்தைத் தூக்கிச் சுமக்கக் கூடிய ஆள். படம் ஆரம்பிக்கறப்பவே அரசாங்கம் அவங்களை மறைச்சு வச்சிருக்கிற வீட்டு மேல தாக்குதல் நடக்குது, காவலுக்கு இருந்தவங்க சாகறாங்க, லூ தப்பிச்சு ஓடிடறாங்க. கொல்ல ஆள் அனுப்பியிருக்காங்க, மிகுவேல் ஃபெரர் நடிச்ச கொலைகாரன். காப்பாத்தறோம்னு சொன்ன அரசாங்கத்தோட வீடே வெடிச்சா, அடுத்த தடவை அதே அரசாங்கத்தை எப்படி நம்புறது? யாருக்கு ஃபோன் பண்றது, எந்த ஊருக்குப் போறது, கையில காசு எவ்வளவு, பேர் என்னன்னு கேட்டா என்ன சொல்றது? பத்து நிமிஷத்துல இவ்வளவு கேள்வி நம்ம முன்னாடி கொட்டுது படம். ஒண்ணுக்கும் பதில் தேடல. அங்க இருந்து அப்படியே வெட்டி கிரிஸ், பில் ஜோடிகிட்ட போயிடுது.

அதுக்கப்புறம் நடக்கறது இதுதான். லூவோட நண்பர்களான ஓ'ஹாரா தம்பதி சியாட்டில் பக்கத்துல பெயின்பிரிட்ஜ் தீவுல இருக்காங்க, லூ அங்க வரலாம்னு சந்தேகம், அதனால பக்கத்து வீட்டுல ஒரு போலி குடும்பத்தை குடி வைக்கிறாங்க. கிரிஸ் அப்பா, பில் மகன், ரோஸி ஓ'டானல் நடிச்ச ஜினான்னு ஒரு உதவி அரசு வக்கீல் அம்மா, அவங்களோட பெரிய ராட்வைலர் நாய் ஒண்ணு. பில்லை மகன் வயசுக்குக் கொண்டுவர மீசையை எடுக்கச் சொல்வாங்க, அவர் அதுக்கு பண்ற ரகளை, ஜினா சமையலும் உபசரிப்பும், ஓ'ஹாரா தம்பதியை விருந்துக்குக் கூப்பிட்டு அந்தச் சாப்பாட்டு மேசை கலவரமாகிறது, இதெல்லாம்தான் படத்தோட பெரும்பகுதி. அந்த விருந்து சீன் உண்மையிலயே சிரிப்பா இருக்கும், இல்லன்னு சொன்னா பாவம். நாலஞ்சு நல்ல நடிகர்கள் ஒரே மேசையில உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லிட்டு, அந்தப் பொய்யை அடுத்தவங்க ஒரு வார்த்தையில உடைக்க, இவங்க அதை ஒட்ட வைக்கப் போய் இன்னும் பெருசா உடைய, நல்லாத்தான் எடுத்திருக்காங்க.

அதே மேசையில ஒரு விஷயம் கவனிங்க. அந்த வீட்டுக்காரர் ஓ'ஹாராவா நடிச்சது டென்னிஸ் ஃபரீனா. அவர் முழுநேர நடிகரா மாறறதுக்கு முன்னாடி சிகாகோ போலீஸ்ல 18 வருஷம் வேலை பாத்த நிஜ போலீஸ். அவரை ஒரு சாதாரண குடும்பஸ்தரா உட்கார வச்சு ரெண்டு சினிமா போலீஸ் வேவு பாக்குறாங்க. அவர் முகத்துல இருக்கிற அந்த எச்சரிக்கை, புதுசா குடி வந்தவங்க சரியில்லையேன்னு லேசா சுருங்கற கண்ணு, அதுல வேற ஒரு படம் ஒளிஞ்சிருக்கு. ஏன்னா அவரும் அவர் மனைவியும் பண்றது சின்ன காரியம் இல்ல, மாஃபியா கொல்லத் தேடுற தோழிக்காக தன் வீட்டைத் திறந்து வைக்கிறாங்க. மாட்டினா அவங்களும் காலி. புதுசா வந்த பக்கத்து வீட்டுக்காரங்களே கொலைகாரங்களா இருக்கலாமேன்னு அவங்களுக்கு பயம் வரணுமா இல்லையா? வந்தா அந்த விருந்து என்ன மாதிரி விருந்தா இருக்கும்! நாம இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரிக்கிறோம், அவங்க அந்தப் பக்கம் உயிரைக் கையில பிடிச்சுட்டு கோழியை வெட்டிச் சாப்பிடணும். அந்த ரெண்டும் ஒரே நேரத்துல நமக்குத் தெரிஞ்சிருந்தா சிரிப்பும் கூடியிருக்கும் திக்குதிக்குனும் இருந்திருக்கும். படம் அந்த பயத்தை வில்லன் வர்ற கடைசிப் பகுதிக்குன்னு ஒதுக்கி வச்சிடுச்சு, அது வர்றதுக்குள்ள நமக்கு லூங்கற பேரே பாதி மறந்து போகுது.

இது காமெடிதானே, இதுல போய் ஏன் இவ்வளவு எதிர்பார்க்கணும்னு கேக்கலாம். முதல் பாகமும் காமெடிதான். சாட்சி ஒளிஞ்சு வாழறதுங்கறது எப்படிப்பட்ட விஷயம்னு கொஞ்சம் தெரிஞ்சா, இந்தப் படம் கையில எவ்வளவு பெரிய கதையை வச்சுக்கிட்டு தவற விட்டுச்சுன்னு புரியும்.

அமெரிக்காவுல 1970ல வந்த திட்டமிட்ட குற்றங்களைக் கட்டுப்படுத்துற சட்டத்துலதான் சாட்சிப் பாதுகாப்புக்கு வழி பண்ணாங்க, யுஎஸ் மார்ஷல்ஸ்ங்கற மத்திய அரசோட காவல் அமைப்பு அதை நடத்துறாங்க, இதுவரைக்கும் சாட்சிகளும் அவங்க குடும்பத்து ஆட்களுமா 19,000 பேருக்கு மேல அதுல போயிருக்காங்க. புதுப் பேர், புது ஊர், புது ஆவணங்கள், வேலை கிடைக்கிற வரைக்கும் செலவுக்கு காசு. கேக்க நல்லாத்தான் இருக்கு. அம்மா செத்தா காரியத்துக்குப் போக முடியாது, பழைய சிநேகிதிக்கு ஒரு ஃபோன் பண்ண முடியாது, ஸ்கூல்ல குழந்தை வாய்தவறி பழைய பேரைச் சொல்லிடக் கூடாது. விதியை மீறாத யாரும் கொல்லப்படலன்னு மார்ஷல்ஸ் பெருமையா சொல்வாங்க. அந்த விதியை மீற வைக்கிறது பெரும்பாலும் தனிமைதான், ஊர் ஞாபகம்தான். லூ நேரா நண்பர் வீட்டுக்கு ஓடறது இந்தக் கணக்குல ரொம்பச் சரியான, ரொம்ப ஆபத்தான முடிவு. எழுதினவர் சரியா பிடிச்சிருக்காரு, எடுத்தப்ப கைவிட்டுட்டாங்க.

நிஜத்துல பாதுகாப்பை விட்டு வெளிய வந்த பெண் ஒருத்தங்க கதையைச் சொல்லாம இதை முடிக்க முடியாது. லெயா கரோஃபாலோ, இத்தாலியில கலாப்ரியா மாகாணத்துல பெட்டிலியா பொலிகாஸ்ட்ரோ ஊர்ல 1974ல பிறந்தவங்க. குடும்பமே 'ந்த்ராங்கெட்டாங்கற கலாப்ரியா மாஃபியா கும்பல்ல. அப்பாவைக் கொன்னப்ப இவங்க கைக்குழந்தை. இவங்க சேர்ந்து வாழ்ந்த ஆள் கார்லோ கோஸ்கோவும் அதே உலகம், மிலான்ல போதைப்பொருள் தொழில். 2002ல மகளைக் கூட்டிட்டுப் போய் இவங்க தனக்குத் தெரிஞ்ச கொலைகளையும் தொழிலையும் பத்தி அரசாங்கத்துகிட்ட சொன்னாங்க. பாதுகாப்பு கிடைச்சுது, ஊர் ஊரா மாத்தினாங்க. இவங்க மேல எந்தக் குற்றமும் இல்லாதப்பவும் அப்ரூவர் கணக்குலதான் வச்சிருந்தாங்க. 2006ல, இவங்க கொடுத்த தகவல் பெருசா உதவலன்னு பாதுகாப்பையே எடுத்தாங்க. வழக்கு போட்டு 2007 டிசம்பர்ல திரும்ப வாங்கினாங்க, 2009 ஏப்ரல்ல தானாவே வெளிய வந்துட்டாங்க, ஏழு வருஷ அலைச்சலுக்கு அப்புறம் நம்பிக்கை போயிடுச்சு. அந்த மாசமே நாட்டு ஜனாதிபதிக்கு ஒரு கடிதமும் எழுதினாங்க.

மே மாசம் கம்போபாஸோ ஊர்ல இவங்க வீட்டுக் கதவை ஒருத்தன் தட்டுனான், வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு வந்திருக்கேன்னு. வந்தது கார்லோ அனுப்பின ஆள். மகள் குறுக்க பாஞ்சதால அன்னிக்கு தப்பிச்சாங்க. 'ஸ்டேக்அவுட்' முதல் பாகத்துல ரிப்பேர்காரர் வேஷம் போட்டு ஒருத்தர் வீட்டுக்குள்ள வர்றதுதான் காதல் ஆரம்பிக்கிற இடம், அதே வேஷம் இங்க எதுக்கு வந்துச்சு பாருங்க. ஒளிஞ்சு வாழறவங்களுக்கு காலிங் பெல் அடிக்கிறதே எப்படி இருக்கும்னு இந்த ஒரு சம்பவத்துல தெரியும்.

அதே வருஷம் நவம்பர்ல மகளோட மேல்படிப்பு பத்தி பேசலாம்னு கார்லோ மிலானுக்குக் கூப்பிட்டான். போனாங்க. மகளுக்காகப் போனாங்க. நவம்பர் 24 சாயங்காலம் மகளை விட்டுத் தனியா பிரிச்சு, ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய் கொன்னுட்டாங்க. உடம்பை மோன்சா ஊர்ல எரிச்சாங்க, மிச்சம் கிடைச்சதே 2012லதான், அதுவும் குற்றவாளிகள்ல ஒருத்தன் வாயைத் திறந்ததுக்கு அப்புறம். மகள் சொந்த அப்பாவுக்கு எதிரா கோர்ட்ல சாட்சி சொன்னாங்க. 2014 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் கார்லோ உட்பட நாலு பேருக்கு ஆயுள் தண்டனையையும் இன்னொருத்தனுக்கு 25 வருஷத்தையும் உறுதி பண்ணுச்சு. 2013 அக்டோபர்ல மிலான்ல பொது இறுதிச் சடங்கு நடந்தப்ப ஆயிரக்கணக்கான ஜனம் கூடுச்சு, மகள் மட்டும் பாதுகாப்பு காரணமா கூட்டத்துல முகம் காட்ட முடியல. சொந்தத் தாயோட சடங்குல. 2018ல இத்தாலி சாட்சிகளுக்குன்னு தனியா ஒரு சட்டமே கொண்டுவந்துச்சு, குற்றம் செஞ்சு மனசு மாறினவங்களையும் குற்றமே செய்யாத சாட்சியையும் பிரிச்சு நடத்தணும்னு.

ஒரு கோடைக்கால காமெடி படத்துக்குள்ள இவ்வளவு சோகத்தை அடைக்கணும்னு நான் சொல்லல. லூ பாத்திரத்துக்கு இதுல நூத்துல ஒரு பங்கு கொடுத்திருந்தா போதும். லாஸ் வேகாஸ்ல இருந்து சியாட்டில் வரைக்கும் அவங்க எப்படி வந்தாங்கன்னு அஞ்சு நிமிஷம், ஒரு பஸ் ஸ்டாண்ட்ல டிக்கெட் கவுன்டர்ல பேர் கேக்கறப்ப திணறுறது, ஓ'ஹாரா வீட்டுக்கு ஃபோன் பண்ணிட்டு பேசாம வச்சிடறது. இதைப் பாத்துட்டு வந்து அந்த விருந்து சீனைப் பாத்தா, பக்கத்து வீட்டு ஜன்னல்ல தெரியற ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு கனம் வந்திருக்கும்.

இப்படி எடுக்க முடியும்ங்கறதுக்கு அதுக்கு 13 வருஷம் முன்னாடியே ஜான் கசாவெட்டிஸ் எடுத்த 'க்ளோரியா' இருக்கு, 1980. அதுல ஜீனா ரோலண்ட்ஸ் நடிச்ச க்ளோரியா, முன்னாடி ஒரு மாஃபியா தலைவனோட இருந்தவங்க, பக்கத்து வீட்டு குடும்பத்தையே கும்பல் கொன்னுட, தப்பிச்ச சின்னப் பையனைக் கூட்டிட்டு நியூயார்க் முழுக்க ஓடுவாங்க. டாக்ஸி, பஸ், மட்டமான லாட்ஜ், திரும்பவும் டாக்ஸி. கொல்ல வர்றவங்க யாரோ இல்ல, இவங்களுக்கு பேர் சொல்லித் தெரிஞ்சவங்க, ஒரு காலத்துல சேர்ந்து சாப்பிட்டவங்க. கேமரா அவங்களை விட்டு நகரவே நகராது. அந்த வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவோட பெரிய விருதான தங்கச் சிங்கத்தை இன்னொரு படத்தோட பகிர்ந்துகிச்சு, ரோலண்ட்ஸுக்கு ஆஸ்கர் நாமினேஷன் வந்துச்சு. அதுலயும் சிரிப்பு நிறைய இருக்கு, அந்தப் பையன் பெரிய மனுஷன் மாதிரி பேசறதுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கலாம், பயத்துக்கு நடுவுல வர்ற சிரிப்புங்கறதால இன்னும் நல்லா சிரிப்போம்.

ரெண்டாம் பாகத்துல இன்னொரு பெரிய சறுக்கல் மரியா விஷயம். ஆறு வருஷம் கழிச்சு கிரிஸும் மரியாவும் சேர்ந்துதான் இருக்காங்க, கல்யாணம் பண்ணிக்க கிரிஸ் தயங்கறாரு, மரியா விட்டுப் போயிடறாங்க. மேடலின் ஸ்டோ பேர் கூட டைட்டில்ல கிடையாது, கொஞ்ச நேரம் வந்துட்டுப் போவாங்க. முதல் படத்துக்கு உயிர் கொடுத்த பெண்ணையும் ஓரமா தள்ளியாச்சு, இந்தப் படத்துக்கு உயிர் கொடுக்க வேண்டிய பெண்ணையும் ஓரமா தள்ளியாச்சு. மிச்சம் இருக்கிற ஜினா ஒருத்தங்கதான் பொம்பளைங்க பக்கம், அவங்களை முழுக்க சிரிப்புக்குன்னே வச்சுட்டாங்க. ரோஸி ஓ'டானல் நல்லா பண்ணியிருக்காங்க, அவங்க பங்குல குறை இல்ல. ஒரு அரசு வக்கீல், தன் சாட்சி உயிரோட இருக்காங்களான்னு கூட தெரியாத நிலைமை, அந்தப் பதட்டம் அவங்க முகத்துல ஒரு தடவையாவது வரவேணாமா? அவங்க கேஸே லூவை நம்பித்தானே நிக்குது. எழுத்துல கொடுத்தாதானே நடிக்க முடியும்.

ஜான் பேடம் அதே 1993 மார்ச்ல 'பாயிண்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்'னு இன்னொரு படத்தையும் ரிலீஸ் பண்ணியிருந்தாரு, அரசாங்கம் பேரை மாத்தி, வாழ்க்கையை மாத்தி, தன் வேலைக்கு வச்சிக்கிற ஒரு பெண்ணோட கதை. பேர் மாத்தி வாழறவளோட மனசுக்குள்ள போகத் தெரியாத டைரக்டர் இல்ல அவர். ஒரே வருஷத்துல ரெண்டு படம், ஒண்ணுல அந்தப் பெண் பக்கம் கேமரா நிக்குது, இன்னொண்ணுல நிக்கல. அதாலதான் இதுல எனக்கு வருத்தம் கூடுதல். ஆள் இல்லாம கெட்ட படம் கிடையாது இது. எழுதத் தெரிஞ்சவர் இருந்தாரு, எடுக்கத் தெரிஞ்சவர் இருந்தாரு, கேத்தி மொரியார்ட்டி, டென்னிஸ் ஃபரீனா மாதிரி ஆட்கள் கைவசம் இருந்தாங்க. முதல் படம் ஓடினதுக்கு ரெண்டு போலீஸோட வாய்ச்சண்டைதான் காரணம்னு முடிவு பண்ணி அதையே ரெண்டு மடங்காக்கினாங்க, போலி குடும்பம், நாய், மீசைன்னு மேல மேல அடுக்கினாங்க.

மூணாவது பாகம் வரல. பாக்கணும்னு நினைக்கிறவங்க முதல் பாகத்தைத் தாராளமா பாருங்க, இப்பவும் நிக்குது. ரெண்டாம் பாகத்துல அந்த விருந்து சீன் வரைக்கும் பாருங்க, பாக்கறப்ப டென்னிஸ் ஃபரீனா முகத்தை விடாம பாருங்க, மனைவி பக்கம் அவர் திரும்பற ஒவ்வொரு தடவையும்.